கோவளத்தில் பலகைக்கு ஒட்டுப் போடுகிறவர்கள்

ரெசின் நெடி வடசென்னையின் மணலி புதுநகர்க்காரர்களுக்குப் புதிதல்ல. காற்று திரும்பும் பொழுதுகளில் எங்கள் தெருவுக்குள் என்னென்னவோ வாடை வரும். எது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடும் பெரியவர்கள் இங்கே உண்டு. காசிமேட்டு ஃபைபர் படகுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், சென்னைக்குத் தெற்கே கோவளம் குப்பத்தில் ஒரு ஓலைக் கொட்டகையிலிருந்து அதே நெடி வந்ததும் என் கால் தானாக நின்றது. உள்ளே மரத் தாங்கிகளின் மேல் ஒரு அலைச்சறுக்குப் பலகை. ஆளைவிட நீளமாக, வயிற்றுப் பக்கம் கிழிந்து, பழுப்பேறிக் கிடந்தது.

இன்று கோவளம் என்றால் நம் பிள்ளைகளுக்கு சர்ஃபிங் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது பழைய துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற ஐரோப்பிய வணிகக் கூட்டம் இங்கே கடை விரித்தது. ஆற்காட்டு நவாப் கட்டிய கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்து இடித்தார். கோட்டை இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. கப்பல்கள் போய்விட்டன, அலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து எழும்பி வரும் நீண்ட அலை, கரையை ஒட்டி ஒழுங்காக மடிந்து ஓடும். மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், மரப்பலகையில் அந்த அலையேறிப் பழகியவர். பிறகு முறையான பலகை கிடைத்து, 2012இல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி வந்தது. 2023 ஆகஸ்டில் பக்கத்து மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியே நடந்தது. வென்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. நான் எழுத நினைப்பது கொட்டகைக்குள் இருக்கிறவர்களைப் பற்றி.

பழுது பார்க்கிற தம்பிக்கு முப்பது வயதிருக்கும். சித்தப்பாவிடம் தொழில் கற்றவர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது, கட்டுமரம் கட்டிய கைகள் பலவும் 'மேட்' என்கிற கண்ணாடி இழைப் பாய்க்கும் ரெசினுக்கும் மாறின. அந்தக் கைகளில் ஒன்று இவருடைய சித்தப்பாவுடையது. காலையில் படகு, மதியத்துக்கு மேல் பலகை. இரண்டுக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: கண்ணாடி இழை, ரெசின், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். படகுக்கு கனத்த மேட்டை அடுக்கடுக்காகப் போட்டு பிரஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். பலகைக்கு வேட்டி போல மெல்லிய இழைத்துணி, நாலு அவுன்ஸ் அல்லது ஆறு அவுன்ஸ். ஒரு குமிழி தங்கினாலும் அங்கேதான் அடுத்த முறை உடையும்.

வேலையைத் தொடங்குமுன் அவர் விரல் முட்டியால் பலகை நெடுகத் தட்டினார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்றது. பழுப்பேறிய இடத்தில் சத்தம் மந்தமாக விழுந்தது. "தண்ணி எறங்கியிருக்குண்ணா. இத அப்டியே மூடுனா உள்ள அழுகும்" என்றார். கிழிசலைக் கீழ்நோக்கி வைத்து நிழலில் சாய்த்தால், உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக் காய நாள் கணக்காகும். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து தோல் உப்பிக்கொள்ளும். பிறகு பிளேடால் செத்த தோலை அறுத்து, கரகரப்பான உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, பள்ளத்தை நுரைத் துண்டால் அடைத்து, மேலே துணி, ரெசின். எது எவ்வளவு என்பதில் சூட்சுமம் இருக்கிறது. கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். நம்மூர் வெயிலில் கொஞ்சம் கூடினால் டப்பாவுக்குள்ளேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும்.

அருகில் இன்னொரு பலகை, இன்னும் லேசானது. "இது தெர்மாகோல் போர்டுண்ணா. இதுல போட் ரெசின ஊத்துனீங்கன்னா கரைஞ்சி பள்ளமாயிடும்" என்றார். காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. படகுக்கான பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் உண்டு. தெர்மாகோலும் ஸ்டைரீனிலிருந்து பிறந்தது, அதனால் ஒன்றில் ஒன்று கரைகிறது. அதற்கு விலை கூடிய எபாக்ஸிதான் வேண்டும். இதை அவருக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை. ஒரு பலகை கெட்டுப் போய்க் கற்ற பாடம் இது.

அவர் பேசப் பேச எனக்கு ஊர் நினைவு. மற்ற வகைப் பலகைகளின் உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் நுரைக்கு வேண்டிய பாலியால், பாலியெஸ்டர் ரெசினில் சேரும் புரோபிலீன் கிளைக்கால் இரண்டும் மணலியில், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலையில் தயாராகின்றன. தெர்மாகோலுக்கான மணிகளைத் தயாரிக்கும் ஆலையும் எங்கள் புதுநகர்ப் பக்கமே இருக்கிறது. மூலப்பொருள் எங்கள் வாசலில் கிடைக்கிறது, இந்தியாவில் ஓடும் பலகைகளில் பெரும்பகுதி மட்டும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இது எனக்கு உறுத்துகிறது.

மீன்பிடி ஊரில் சர்ஃபிங்குக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் நாட்டின் லா லிபர்தாத் நகரத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் மீன்பிடித் துறை. கடலுக்குள் நீளும் பாலத்தின் மேலேயே மீன் சந்தை. படகுகளைக் கிரேன் கட்டி மேலே தூக்கி நிறுத்துகிறார்கள். பக்கத்திலேயே புன்டா ரோக்கா என்ற புகழ்பெற்ற அலை. 2021இல் அந்தப் பக்கக் கடற்கரையில் நடந்த உலகப் போட்டியிலிருந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வீரர்கள் சிலர் தேர்வானார்கள். மீன் சந்தையும் சர்ஃபிங்கும் ஒரே கரையில் பிழைக்க முடியும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

எங்கள் வடகரைக்கு அந்த வாய்ப்பு அலையால் வராது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. மெரினா அகலமானது, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. கடல் மேலும் தின்னாமலிருக்கக் கொட்டிய கருங்கல்லில் அலை மோதிச் சிதறுகிறது. பல குப்பங்களில் படகு ஏற்றவே மணல் இல்லாதபோது, பிள்ளைகள் எங்கே பலகை போடுவார்கள்? ஆனால் கைத்தொழிலுக்கு மணல் வேண்டாம். ஃபைபர் வேலையில் காசிமேட்டுக் கைகளுக்கு ஈடு உண்டா? அந்தக் கைகளுக்கு எபாக்ஸியும் மெல்லிய துணியும் பழக்கிவிடும் ஒரு பயிற்சியை அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கினால் போதும். அதோடு முகக்கவசமும் பழக்க வேண்டும். கோவளத்துத் தம்பி வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் உப்புத்தாள் போட்டார். கண்ணாடித் தூள் முழங்கை வரை படிந்து, அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். ஸ்டைரீன் ஆவியைக் கைக்குட்டை தடுக்காது. சரியான கவசம் ஒன்றும் எட்டாத விலையில்லை. பலகை வைத்திருப்பவர்களே வாங்கிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் காசிமேட்டில் எனக்குத் தெரிந்த படகுப் பட்டறை மேஸ்திரியிடம், இங்கேயே பலகை செய்யலாமே என்று சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் பட்டறைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் வேலை விட்டுவிட்டுத்தான் வரும். "மோல்டு எடுக்க ஒரு போர்டு கொண்டாந்து குடு சாரு, பாத்துருலாம்" என்றார். இதற்குப் பெரும்பாலும் மோல்டு கிடையாது, நுரைக்கட்டியைக் கையாலேயே இழைத்து வடிவம் எடுப்பார்கள், மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது, ஓரம் எவ்வளவு உருண்டிருக்கிறது என்பதில்தான் பலகையின் ஓட்டமே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அது கட்டுமர வேலை சாரு. வாச்சி புடிச்ச பெருசு ஒருத்தரு எண்ணூர்ல இருக்காரு. மரத்துக்கு மூக்கு எடுக்குறதுல அவர அடிச்சிக்க ஆளில்ல. இப்ப சும்மாதான் குந்தினு இருக்காரு."

அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறோம். கோவளத்துத் தம்பி இழைப்புளி, உப்புத்தாளோடு ஒரு நுரைத் துண்டும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.