பெரட்டு தெரியாதவர்களிடம் சொன்ன ஜோக்

நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ‘ஜோன் ரிவர்ஸ்: எ பீஸ் ஆஃப் வொர்க்’. ரிக்கி ஸ்டெர்ன், ஆனி சன்ட்பெர்க் இருவரும் இயக்கி 2010இல் வெளிவந்த படம். அமெரிக்க ஸ்டாண்ட்-அப் மேடையில் பெண்களுக்கு வழிதிறந்தவர்களில் ஒருவரான ரிவர்ஸை, அவருடைய 75 வயதையொட்டி ஓராண்டு கேமரா பின்தொடர்கிறது.

இரண்டு பொருட்கள் மறக்க முடியாதவை. ஒன்று, நிகழ்ச்சி எதுவும் குறிக்கப்படாத நாட்குறிப்பு. பயம் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த வெற்றுப் பக்கத்தைத்தான் அவர் காட்டுகிறார். இன்னொன்று, இழுப்பறைகள் நிறைந்த அலமாரி. பல்லாண்டு ஜோக்குகள் அட்டைகளில் தட்டச்சு செய்யப்பட்டு, தலைப்பு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 1987இல் கணவர் தற்கொலை செய்துகொண்டதைக்கூட மேடையில் ஜோக்காக்கியவர் அவர்.

துக்கத்துக்குப் பக்கத்தில் நின்று சிரிக்க வைக்கும் இன்னொருவரை எனக்குத் தெரியும். கெடாவில், பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவிய பெரியப்பா ஒருவர். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களைச் சிரிக்க வைப்பார். “அழறதுக்கு ஊரே இருக்கு. சிரிக்க வைக்க ஒரு ஆளு வேணாமாடா?” என்பார். ஒருமுறை கிடத்தியிருந்த உடலைப் பார்த்து, “உசுரோட இருந்த வரைக்கும் ஒருநாளும் பெரட்டுக்கு நேரத்துக்கு வந்ததில்ல. இன்னைக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால கிளம்பிட்டான் பாரு” என்றார். இறந்தவரின் மனைவியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு தோட்டம் விற்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. சனங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பினாங்கு என்று சிதறினார்கள். பெரியப்பா சுங்கை பட்டாணியில் ஒரு தாமானுக்கு வந்தார். அங்கே ஒரு சாவில் அதே ஜோக்கைச் சொன்னார். பக்கத்திலிருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: “பெரட்டுன்னா என்னா தாத்தா?”

விடியாத இருட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது என்று விளக்கினார். பையன் தலையாட்டினான். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப்பிறகு சாவு வீடுகளில் அவர் ஓரமாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருப்பார்.

ரிவர்ஸ் 2014இல் இறந்தார். அவருடைய அட்டைகள் நியூயார்க் மாநிலத்தில், ஜேம்ஸ்டவுனிலுள்ள தேசிய நகைச்சுவை மையத்துக்குப் போயிருக்கின்றன. பெரியப்பாவின் அலமாரி லயத்து மனிதர்களின் தலைக்குள் இருந்தது. ஒரு சொல்லைக் கேட்டதும் அத்தனை பேருக்கும் ஒரே கிராணியின் முகம் தெரிந்ததால்தான் சிரிப்பு வந்தது. தோட்டத்தைப் பற்றி எழுதும்போது வறுமையையும் கள்ளையும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அந்த இரவுகளில் எதற்குச் சிரித்தார்கள் என்பதையும் கேட்டு வைக்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

பெரியப்பா சொன்னவற்றில் எனக்குப் பதினொன்றுதான் ஞாபகம் இருக்கிறது. ஒன்றை இங்கே எழுதிவிட்டேன். மீதி பத்து.