சிக்கின் பூர்வீகம்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் பின்னேரங்களில் தூண்டில் போட வருபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். போத்தலில் தங்கூசி நூலைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் தந்துவிட்டுப் போன தடியும் ரீலுமாக நிற்பவர்கள் மற்ற வகை. போத்தல்காரர் ஈயத்தைத் தலைக்கு மேலே சுழற்றி விட்டால் தங்கூசி போத்தலிலிருந்து உருவிக்கொண்டு சத்தமில்லாமல் போகும். ரீல்காரரில் பேய்ட்காஸ்டர் என்ற வகை ரீல் வைத்திருப்பவர் எறிந்தால், இரை பாதி தூரம் போவதற்குள் ரீலுக்குள் நூல் பொங்கி எழுந்து சிக்குப்பட்டுவிடும். நான் இந்த இரண்டாவது கூட்டம். நோர்வேயில் இருக்கும் மைத்துனரின் உபயம்.

"தம்பி, உது மீன் பிடிக்கிற சாமானோ, வலை பின்னுற மெசினோ?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற குருநகர்க்கார ஐயா ஒருவர். அவர் கையில் இருந்தது பழைய சோடாப் போத்தல். கேலி போகட்டும், கேள்வி ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. குப்பைக்குப் போகவேண்டிய போத்தலுக்கு வராத நோய், பேரிங்கும் பற்சக்கரமும் வைத்துச் செய்த ரீலுக்கு ஏன் வருகிறது? இதைத் தொடக்கிவைத்த புண்ணியவான் யார்?

நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. போத்தல் அசைவதில்லை, நூல்தான் கழன்று போகிறது. பேய்ட்காஸ்டரில் நூல் சுற்றிய உருளையே சுழல வேண்டும். எறியும் கணத்தில் இரை இழுக்கிற இழுப்பில் அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று என்ற வேகத்தை எட்டிவிடும். பிறகு காற்று இரையை மெதுவாக்குகிறது. உருளையோ பழைய வேகத்திலேயே சுழன்று, யாரும் இழுக்காத நூலை வெளியே தள்ளுகிறது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றியவர்களுக்கு விளங்கும்: காற்று திடீரென்று விழ, நூற்கட்டை மட்டும் சுழன்று நூல் தொய்ந்துவிடுகிற மாதிரித்தான் இதுவும்.

பூர்வீகத்தைத் தேடப் போனால் வழி சீனாவில் தொடங்குகிறது. தென் சோங் அரசவை ஓவியர் மா யுவான் 1195 அளவில் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் ஒன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்கால ஏரியில் சிறு படகு, அதில் ஒருவர், அவருடைய தடியில் ஒரு குட்டிச் சக்கரம். சோழநாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்ட காலம் அது. ஆங்கிலத்தில் ரீலைப் பற்றிய முதல் குறிப்பு தோமஸ் பார்க்கர் 1651இல் வெளியிட்ட நூலில் உள்ளது என்பார்கள். அப்போது யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. ஆனால் இந்தச் சக்கரங்கள் எல்லாம் நூலைச் சேர்த்து வைக்கத்தான். அந்தச் சக்கரத்திலிருந்தே நேரே எறிய ஆசைப்பட்டபோதுதான் வில்லங்கம் பிறந்தது.

அந்த ஆசைக்காரர் அமெரிக்காவின் கென்டக்கியில், பாரிஸ் என்ற சிற்றூரில் இருந்தார். பெயர் ஜோர்ஜ் ஸ்னைடர், தொழில் மணிக்கூடு. கைப்பிடியை ஒருமுறை சுற்ற உருளை பலமுறை சுற்றும் ரீல்கள் இலண்டனில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தன. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்னைடர் செய்த ரீலின் சிறப்பு, உருளை அவ்வளவு இலகுவாகச் சுழன்றது என்பது. அவருக்குப் பின் பிராங்க்ஃபோர்ட் நகரில் இதைப் பேரெடுத்த தொழிலாக வளர்த்த மீக் சகோதரர்களும் மணிக்கூட்டுக்காரர்களே. மணிக்கூடு செய்பவருக்கு உராய்வு பரம எதிரி. அதை ரீலிலிருந்தும் துரத்தினார்கள். துரத்திய பிறகு உருளையை நிறுத்த ஆளில்லை. மட்டமான வேலையால் வந்த குறை என்று நான் நினைத்திருந்த சிக்கு, மிக நேர்த்தியான வேலையால் வந்தது என்று தெரிந்தபோது ரீலின் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

ஸ்னைடரின் காலத்தில் இதற்கு இருந்த ஒரே மருந்து பெருவிரல். உருளையின் மேல் விரலை வைத்து, இறகு படுவதுபோல் தடவிக்கொண்டே விட வேண்டும். பிறகு வந்தவர்கள், துரத்திய உராய்வைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் வேலையில் இறங்கினார்கள். 1910களில் இந்தியானாவின் சவுத் பெண்ட் கம்பனி, நூல் தொய்ந்தால் ஒரு கம்பி கீழே விழுந்து பிரேக்கை அழுத்துகிற ரீல் விற்றது. சுவீடனின் ஸ்வெங்ஸ்தாவில் 1921இல் தொடங்கிய ஆபு தொழிற்சாலை முதலில் சட்டைப்பை மணிக்கூடும், பின்னர் வாடகைக் காருக்கு மீற்றரும் செய்துவந்தது. உலகப் போரில் மீற்றர் வியாபாரம் படுத்துவிட, ரீலுக்குத் திரும்பியது. மறுபடியும் மணிக்கூடு! 1952இல் வந்த அதன் அம்பாசடர் 5000 ரீலில், வேகம் கூடக்கூட வெளிப்பக்கம் ஒதுங்கி வளையத்தில் உரசும் சின்னக் கட்டைகள் இருந்தன. 1980களில் காந்த பிரேக் வந்தது. அலுமினிய உருளைக்குப் பக்கத்தில் காந்தம் இருந்தால், சுழலும் உலோகத்தில் மின்னோட்டம் எழுந்து உருளையைத் தொடாமலே பிடித்து இழுக்கும்.

ஆபு பிறந்த வட ஐரோப்பாவுக்கும் பண்ணைக்கும் இடையில் ஒரு பழைய பாதை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம், அங்கே வாழ்ந்த முதல் தமிழர் என்று சொல்லப்படுகிறவர். அவர் முன்னின்று 1967இல் தொடங்கியதுதான் சீநோர் நிறுவனம். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுத் தளம். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு நோர்வே போன இளைஞர்கள் பலர் வடகோடி ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். இப்போது அவர்கள் குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பயணப்பெட்டியில் ரீலும் வருகிறது.

இனிப் போத்தலுக்கு வருவோம். போத்தலைப்போல் உருளையைச் சுழல விடாமல் எறியும் யோசனை மேலைநாடுகளிலும் சிலருக்கு வந்தது. ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரில் மல்லொக் என்பவர் 1884இல், எறியும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ரீலைச் செய்தார். பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைக்காரர் இல்லிங்வேர்த், தறிக்கு நூல் உருவி வரும் விதத்திலிருந்து பாடம் எடுத்து, 1905இல் அசையா உருளை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். எனக்குப் பிடித்தவர் டெக்ஸஸின் ஆர்.டி. ஹல். இவரும் மணிக்கூடு திருத்துபவர்தான். கடையில் பொட்டலம் கட்டும் நூல் அசையாத கட்டையிலிருந்து உருவி வருவதைப் பார்த்துவிட்டு, பலகையில் ஆணி அடித்து, கோப்பிப் பேணியின் மூடியைப் பொருத்தி மாதிரி ஒன்று செய்தார். எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துவந்த துல்சா நகரக் கம்பனி ஒன்று அதை ஏற்று, 1949இல் ரீலாக வெளியிட்டது. ஸெப்கோ என்ற ரீல் பெயர் அந்தக் கம்பனியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கதையைப் போத்தல்கார ஐயாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உதுக்கு அமெரிக்கா மட்டும் போகோணுமே தம்பி? என்ர அப்பரும் பால்மாப் பேணியிலதான் சுத்தி வைச்சிருந்தவர்" என்றார்.

அப்படியானால் பேய்ட்காஸ்டர் எதற்கு? தடித்த நூலைத் தாங்கும், பெரிய கொடுவாவைக் கண்டல் வேருக்குள் போகவிடாமல் நேரே இழுக்கும், பெருவிரலை அழுத்தினால் இரை நினைத்த இடத்தில் விழும். கண்டலோரத்துக்கும் பாலத் தூண்களுக்கும் அது நல்ல சாமான். திறந்த தண்ணீரில் தூரம் எறிய மட்டும் என்றால் போத்தலே போதும் என்பது என் தீர்ப்பு.

பழக விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். பாரமான ஈயத்தோடும் தடித்த தங்கூசியோடும் தொடங்குங்கள், இழை நூல் பிறகு. கைப்பிடிப் பக்கத்துச் சிறு திருகை, பெருவிரலை எடுத்ததும் ஈயம் மெல்ல இறங்கி நிலத்தைத் தொடும்போது உருளையும் நிற்கும் அளவுக்கு இறுக்குங்கள். பிரேக்கை முழுதாக வைத்து, கை பழகப் பழகக் குறையுங்கள். வெடுக்கென்று வீசாதீர்கள், வேகம் படிப்படியாக ஏறட்டும். ஈயம் தண்ணீரைத் தொடுமுன் பெருவிரல் உருளையை நிறுத்திவிட வேண்டும், அங்கேயும் சிக்கு விழும். சோளகம் முகத்தில் அடிக்கும் நாட்களில் எந்த பிரேக்கையும் நம்ப வேண்டாம். சிக்கு விழுந்தாலும் கத்தியைத் தேடாதீர்கள். பெருவிரலால் உருளையை அழுத்திக்கொண்டு கைப்பிடியைச் சில சுற்றுச் சுற்றிவிட்டு நூலை இழுத்தால் பல சிக்கு தானாக இளகும்.

இளகாததை வெட்டத்தான் வேண்டும். வெட்டியதை மட்டும் கடலில் எறியாதீர்கள். தங்கூசி உக்காது. தங்கூசி வலை இலங்கையில் தடைசெய்யப்பட்டது. பாலத்தடியில் கிடக்கும் ஒரு பிடி வெட்டு நூலும் நண்டுக்கும் நீர்க்காகத்துக்கும் அந்த வலை செய்வதையே செய்கிறது. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.