டிராகன் பறக்குமா?

பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதைக் காட்டிலும் மந்திரிகளைப் பேட்டி காண்பது எவ்வளவோ சுலபம். மந்திரிகள் நாம் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதிலை ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகளோ, நாம் பதிலை முடித்த பிறகும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் அக்காள் பிள்ளை போன மாதம் ஒரு டிராகன் வரைந்தான். நான்கு கால், இரண்டு இறக்கை, வாயில் நெருப்பு, உடம்பெல்லாம் கவசம் போலச் செதில், முதுகில் ஒரு ராஜகுமாரன், ஒன்றும் பாக்கியில்லை. பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்த ஒருவர், "இதெல்லாம் பறக்காது; போய்க் கணக்கைப் போடு" என்று சொல்லிவிட்டாராம். பயல் அழவில்லை. நேரே என்னிடம் வந்து, "ஏன் மாமா பறக்காது?" என்று கேட்டான்.

பறக்காது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஏன் என்று சொல்லக் கணக்குத்தான் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் கலிலியோ. 1638-ல் வெளிவந்த அவருடைய கடைசிப் புத்தகத்திலேயே விஷயம் இருக்கிறது. ஒரு பிராணியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டித்தால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். நம் மொட்டை மாடிக்கு மேலே வட்டமிடும் பருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர். எடை முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் இறக்கைப் பரப்பு நூறு மடங்கு; எடை ஆயிரம் மடங்கு, அதாவது 800 கிலோ! ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் முன்னைப்போல் பத்து மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். அப்படித் தாங்க மூன்று மடங்குக்கு மேல் வேகமாகப் பறக்க வேண்டும். அதற்குக் கிலோவுக்கு மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். தசை இருக்கிறதே, அது சின்னப் பறவையானாலும் பெரிய பறவையானாலும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட அதே சக்தியைத்தான் தரும். இன்று பறக்கிற பறவைகளில் மிகக் கனமானவைகூட ஏறத்தாழ இருபது கிலோவோடு நின்றுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பயல் கொஞ்சம் யோசித்தான். "எதை எதை எடுத்தால் பறக்கும்?" என்றான். வியாபாரி!

பேரம் ஆரம்பமாயிற்று. முதலில் செதில் கவசம் போயிற்று. பிறகு முன்னங்கால்கள். முதுகெலும்புள்ள பிராணிகளுக்குக் கை, கால் சேர்த்து நான்குதான் கணக்கு. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்களே இறக்கையாக மாறியிருக்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உள்ள பறக்கும் ஓணான் மட்டும் ஒரு தந்திரம் செய்கிறது. நான்கு காலையும் வைத்துக்கொண்டு, விலா எலும்புகளைக் குடை போல் விரித்து மரத்துக்கு மரம் சறுக்கி வருகிறது. அதற்கு விஞ்ஞானப் பெயரே 'டிராகோ'தான்! ஆனால் ஒரு சாண் பிராணி அது, சிறகடிக்கவும் தெரியாது. நெருப்பை அவன் தானாகவே விட்டுக்கொடுத்தான். ராஜகுமாரனைப் பற்றி மட்டும் பேச்சு முறிந்துவிட்டது.

சீனத்து டிராகனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பெரும்பாலான சித்திரங்களில் அதற்கு இறக்கையே இல்லை, இருந்தும் பறக்கிறது. அதனிடம் கலிலியோவின் ஜம்பம் சாயாது.

இப்படிப் பேரம் பேசிப் பேசி மிஞ்சிய ஜந்து உண்மையாகவே இந்தப் பூமியில் இருந்திருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துப் பிக் பெண்ட் பூங்காவில், டக்ளஸ் லாசன் என்ற மாணவர் பாறையில் சில எலும்புகளைக் கண்டார். உள்ளே கூடாக, மெல்லிய சுவருடன் இருந்த இறக்கை எலும்புகள் அவை. டைனோசார்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு பறக்கும் ஊர்வனத்துக்குச் சொந்தமானவை. மெக்ஸிகோவின் ஆஸ்டெக் மக்கள் வணங்கிய சிறகுள்ள நாகதேவதையின் பெயரை அதற்கு வைத்தார்கள்: குவெட்ஸால்கோட்லஸ். இறக்கையை விரித்தால் சுமார் பத்து மீட்டர். தரையில் நின்றால் ஒட்டைச்சிவிங்கி உயரம்.

இவ்வளவு பெரியது பறந்திருக்குமா? எல்லாம் எடையைப் பொறுத்தது. 2010-ல் டொனால்ட் ஹெண்டர்ஸன் என்ற ஆராய்ச்சியாளர், எடை 500 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆகவே பறந்திராது என்றார். அதே ஆண்டில் மார்க் விட்டன், மைக்கேல் ஹபீப் என்ற இருவர், 200 முதல் 250 கிலோதான், நன்றாகவே பறந்திருக்கும் என்றார்கள். என் ஓட்டு பின்னவர்களுக்கு. காரணம், அது தரையிலிருந்து கிளம்புவதற்கு ஹபீப் சொன்ன விளக்கம். பறவை காலால் எம்பிக் குதித்து, அதன் பிறகே இறக்கையை அடிக்கிறது. எடை ஏற ஏறக் காலும் பருக்க வேண்டும். மேலே போனபின் அந்தக் கால் வெறும் சுமை. குவெட்ஸால்கோட்லஸோ மடக்கிய இறக்கைகளையும் ஊன்றி நான்கு காலில் நடந்த ஜந்து. பறப்பதற்கு வைத்திருந்த அதே நெஞ்சுத் தசையால் தரையை உந்தித் தள்ளிக் கிளம்பியிருக்கும் என்கிறார் அவர். ஒரே முதல், இரண்டு வியாபாரம்!

பால் மக்ரெடி என்ற பொறியியல் நிபுணர் இதைக் கையாலேயே செய்து பார்த்தார். மனிதன் தன் கால் பலத்தாலேயே இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடக்க 1979-ல் விமானம் அமைத்துக் கொடுத்தவர் அவர். பாதி அளவில், ஐந்தரை மீட்டர் இறக்கையுடன் ஒரு குவெட்ஸால்கோட்லஸைக் கட்டினார். வால் கிடையாது, முன்னால் நீண்ட கழுத்தும் பெரிய தலையும். கம்ப்யூட்டர் ஒன்று ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தால்தான் அது நிலையாக நிற்கும். 1986-ல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் சினிமாக் கேமராக்களுக்கு முன்னால் அது சிறகை அசைத்து அழகாகப் பறந்தது. அதே ஆண்டு மே மாதம் வாஷிங்டனுக்கு அருகே ஆண்ட்ரூஸ் விமானப் படைத் தளத்தில் பெருங்கூட்டத்தின் முன் பறக்கவிட்டபோது குப்புற விழுந்து நொறுங்கியது. அசல் ஜந்துவோ, கம்ப்யூட்டர் இல்லாமல் தன் தலைக்குள் இருந்த சின்ன மூளையை வைத்துக்கொண்டே இந்தக் காரியத்தை நடத்தியிருக்கிறது.

லாசன் கண்டெடுத்த அந்தப் பெரிய ஜந்துவின் எலும்புகள் ஓர் இடது இறக்கையைச் சேர்ந்தவை மட்டுமே. தலை, உடம்பு, கால் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. அதே பூங்காவில் அகப்பட்ட அதன் சிறிய உறவினர்களைப் பார்த்துத்தான் மற்றதை எல்லாம் வரைந்திருக்கிறார்கள்.