வாயிற்காவலரும் உடல்நல விழாவும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் ஆசிரியர், அலுவலர் முதலியோரின் உடல்நலம் பேணும் பொருட்டு ஒரு நாள் விழா நடைபெற்றதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காலையில் நடை, பின்னர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளத்தல், நண்பகலில் மருத்துவர் ஒருவரின் சொற்பொழிவு என்று யாவும் செவ்வனே நிகழ்ந்தன. யானும், தமிழ்ச் சிறப்பு வகுப்பினன் என்னும் செருக்கினால், நோயின்மையைப் போற்றும் பழமொழி ஒன்றை அட்டையில் எழுதி ஏந்தி நின்றேன். எழுத்து அழகாயிருக்கிறதென்று பலர் பாராட்டினர். அவ்வட்டையை நினைக்குந்தோறும் இப்பொழுது எனக்கு நாணமே உண்டாகிறது. காரணத்தைச் சொல்லுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலையை அடுத்துள்ளது. இரு நகரங்கட்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நிலம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். (ஊழிக் காலத்திற்கு முன் கடல் கிடந்த இடமாதலின், அங்குள்ள பள்ளங்களிற் கல்லாய்ச் சமைந்த கடலுயிர்களின் ஓடுகள் இன்றும் அகப்படுவதுண்டு.) என் தந்தையார் இளமையிற் கல் ஏற்றும் லாரியில் உடன்சென்று உழைத்தவர். அத்தூசி மார்புக்கு ஒவ்வாமற்போகவே, அப்பகுதியிலுள்ள கல்லூரி ஒன்றில் இரவுக் காவலராக அமர்ந்தார். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று வீட்டிலுள்ளோர் யாவரும் மகிழ்ந்தோம்.

அக்கல்லூரியிலும் நம்முடையதைப் போன்ற மருத்துவ முகாம் ஆண்டுதோறும் நடப்பதுண்டு. ஒருமுறை விடுமுறையில் யான் வீட்டிலிருந்தபொழுது, “முகாமுக்குப் போகவில்லையா, அப்பா? காசில்லாமற் பார்க்கிறார்களே!” என்றேன். அப்பொழுது காலை ஒன்பது மணி. இரவு முழுதும் விழித்துவிட்டு வந்து, திண்ணையிற் பாய் விரித்துக்கொண்டிருந்தார். “பகலிலே விழித்திருந்தால் இராத்திரி கேட்டை யார் பார்ப்பது, தம்பி? அதுவுமல்லாமல் நாங்கள் காண்டிராக்ட் ஆட்கள். பெயர்ப் பட்டியலில் நாங்கள் இல்லை” என்றார். யான் அதனைச் சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று கொண்டேன். உடல்நலத்தின் அருமை கல்லாதார்க்கு விளங்காது போலும் என்று மனத்துள் எண்ணியதும் உண்டு. எழுதவும் கூசுகின்ற எண்ணம்; எனினும் எண்ணினேன்.

சில திங்கள் கழிந்தன. தமிழ்நாட்டரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தை அன்பர்கள் அறிவர். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்திற் பணிபுரியும் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர், ஒரு நாள் பிற்பகலில் அப்பா உறங்கி எழும் நேரம் பார்த்து வந்து, “அண்ணே, கையை நீட்டுங்கள்” என்று சொல்லி விரல் நுனியில் ஊசியாற் குத்தினார். சர்க்கரை 310. இரத்த அழுத்தமும் மிகுதி. அரியலூரில் 2022-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சென்றபொழுது, கண்ணின் உட்திரையிலும் நோயின் அடையாளம் தோன்றியிருப்பதாகக் கூறினர். ஆண்டு பலவாக உள்ளேயிருந்த நோய் என்றனர். காவலுக்குக் கண்ணன்றோ முதல்! வீட்டில் அன்றிரவு ஒருவரும் சரியாக உண்ணவில்லை.

அடுத்த விடுமுறையில் ஓரிரவு அப்பாவுடன் அவ்வாயிலிற் சென்று இருந்தேன். அந்த ஓரிரவு எனக்குக் கற்பித்ததை எந்தச் சொற்பொழிவும் கற்பித்ததில்லை. இரவு உணவு ஏழு மணிக்கு. பிறகு உறக்கம் வாராதிருக்க, பதினொன்றுக்கு ஒன்றும் இரண்டுக்கு ஒன்றுமாகச் சர்க்கரை நிறைந்த தேநீர், உடன் ஒரு பன். ஒதுங்குமிடமோ கட்டடத்திற்கு அப்பால். அங்குச் சென்றால் வாயில் வெறிதாகும். ஆகவே தண்ணீரைக் குறைத்துக் குடித்தார். நீரிழிவு உடையவர்க்கு அது தீதென்று அவர் அறியாதவரல்லர். “அறிந்து என்ன செய்ய, தம்பி?” என்றார். விடியற்காலையில் அதிகாரிகளின் வண்டிகள் வரத் தொடங்கியதும் எழுந்து நின்றவர், ஆறரைக்கு மாற்றாள் வரும்வரை உட்காரவில்லை. கடைகளிற் பணிபுரிவோர்க்கு இருக்கை தரவேண்டுமென்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டத்திருத்தம் வந்தது. அவ்வாயிலில் இருக்கை இருந்தது. உட்காரும் துணிவுதான் இல்லை.

திரும்பி வந்து நூல்நிலையத்திற் படிக்கையில், இலண்டன் மாநகரத்து அரசு அலுவலரை ஆராய்ந்த செய்தி ஒன்று கிடைத்தது. 1967-இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆடவரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். பொறுப்பு மிகுந்த மேலதிகாரிகளே இதய நோயால் மிகுதியாக மாய்வர் என்பது பலரது எண்ணம். கண்டதோ நேர்மாறு. வாயில் காப்போரும் கடிதம் சுமப்போருமாகிய கடைநிலையினர், உச்சநிலையினரைக் காட்டிலும் மூன்று மடங்கிற்கு மேலாக இதய நோயால் இறந்தனர். புகை பிடித்தல் முதலிய பழக்கங்கள் அவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின. தன் வேலையின்மீது தனக்கு அதிகாரமின்மையும் ஒரு காரணம் என்று 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சி காட்டிற்று. ‘வாயில் காப்போர்’ என்னும் சொல்லைக் கண்டவிடத்து, மேலே படிக்க மாட்டாமற் சிறிது நேரம் நூலை மூடி வைத்திருந்தேன்.

நடையும் யோகப் பயிற்சியும் வேண்டாவென்று யான் சொல்லவில்லை. நம் பேராசிரியர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பதைக் காண்பது கண்ணுக்கும் இனியதே. ஆயினும் பட்டியலிற் பெயருள்ளோர், பகலில் விழித்திருப்போர், அரைநாள் ஓய்வு கேட்கக்கூடியோர் ஆகிய இவர்கட்கே நம் முகாம்கள் அமைந்துவிடுகின்றன. 2024-இல் அரசு தன் திட்டத்தைத் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுசென்று, உழைப்போர் உழைக்குமிடத்திலேயே சோதிக்கத் தொடங்கிற்று. கல்லூரிகளில் மாலை ஆறு மணிக்கு, காவலர் முறைமாறும் வேளையில், ஒரு மேசையும் ஒரு செவிலியும் இருப்பின் அதற்கு எவ்வளவு பொருள் செலவாகிவிடும்?

அப்பா இப்பொழுது மாத்திரையைத் தேநீர்க் குடுவையோடு எடுத்துச் செல்லுகிறார். தேநீரிற் சர்க்கரையில்லை. பன்னை இன்னும் முழுதும் விட்டாரில்லை என்று அம்மா சொல்லுகிறார்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன், நம் கல்லூரி வாயிலில் இரவுதோறும் இருக்கும் பெரியவரிடம் சென்று, “ஐயா, விழாவன்று நீங்கள் சோதித்துக்கொண்டீர்களா?” என்று வினவினேன். “பந்தலுக்கு நாற்காலி போட்டதே நான்தான், தம்பி. விடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டேன்” என்றார். விழாக் குழுவினரிடம் மாலை வேளையைப் பற்றிக் கூறினேன், பார்ப்போம் என்றிருக்கின்றனர். அச்செய்தியைப் பெரியவருக்குச் சொன்னபொழுது அவர் சற்று யோசித்து, “ஆறு மணி வேண்டாம் தம்பி, அப்போது சாவிக்கொத்து வாங்கவேண்டும். ஆறரை என்றால் வருகிறேன்” என்றார்.