பெரிய பிரேக் போட்டால் போதுமா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். காருக்குள் இருக்கும் பல பாகங்களின் பெயர் எனக்கு முதலில் பிரெஞ்சில்தான் தெரியும். பிரேக்குக்கு அந்த மொழியில் 'ஃப்ரேன்' என்பார்கள். லத்தீனில் குதிரையின் கடிவாளத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. டிரம் பிரேக்கின் ஷூவுக்கு 'மாஷ்வார்', அதாவது தாடை. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிபருக்கு 'எத்ரியே', குதிரை ஏறும்போது கால் வைக்கும் அங்கவடி. குதிரை வண்டிக் காலம் போனாலும் பேச்சில் குதிரை இன்னும் போகவில்லை.

இந்தச் சொற்களெல்லாம் சென்ற ஆண்டு மறுபடி நினைவுக்கு வரக் காரணம் என் மைத்துனர். அவரிடம் 1985ஆம் வருடத்து அம்பாசடர் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் வண்டி, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அவருடைய அப்பா வாங்கியது. மனைவிக்குக் கண் சிகிச்சை நடப்பதால் மாதம் ஒரு முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போய் வருவார். மரக்காணம் தாண்டி ஒரு மழை நாளில், முன்னால் போன புது வண்டி சட்டென்று நின்றுவிட்டது. இவர் பிரேக்கில் ஏறி நின்றும் வண்டி நிற்கவில்லை. சாலை ஓரத்து மண்ணில் இறக்கித் தப்பித்தார். விஷயம் தெரிந்ததும் மகன், "வண்டியை விற்றுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதால் எனக்கும் மனசு சரியில்லை.

மைத்துனர் விற்கத் தயாராக இல்லை. "மாமா, பெரிய வண்டியோட டிஸ்க்கை எடுத்து முன் சக்கரத்துல மாட்டிடலாம்னு ஒரு பையன் சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வில்லியனூர் ரோட்டில் அம்பாசடரிலேயே தலை நரைத்த பாய் ஒருவர் ஷெட் வைத்திருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன்.

பாய் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துறது டயரு."

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். அது முழுக்கச் சூடாக மாறுகிறது. டிரம் மூடிய பாத்திரம் மாதிரி. சூடு வெளியே போக வழி குறைவு. டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். தண்ணீர் புகுந்தாலும் பிடிப்பு குறையும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. 1955இல் வந்த சித்ரோவன் டி.எஸ். காரிலேயே முன் சக்கரத்துக்கு டிஸ்க் இருந்தது. 1962இல் ரெனோ 8 என்ற சிறிய குடும்பக் காருக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வைத்தார்கள். நம் அம்பாசடருக்கு அது வர வெகுகாலம் ஆனது.

ஆனால் வேறு வண்டியின் டிஸ்க்கை மட்டும் கழற்றி மாட்டினால் வேலை முடிந்துவிடாது. டிரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே முன் ஷூவை இன்னும் இறுக்கிவிடும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. காலுக்குப் பலம் சேர்க்க பூஸ்டர் வேண்டும். காலிபரின் பிஸ்டன் பெரியது, அதற்கு அதிக பிரேக் ஆயில் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டரால் அவ்வளவு தள்ள முடியாவிட்டால் பெடல் தரைக்குப் போகும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அது அப்படியே இருந்தால் டிஸ்க் பேடு உரசிக்கொண்டே ஓடும். ரொம்பப் பெரிய காலிபர் என்றால் ரிம்மின் உட்பக்கத்தில் இடிக்கும். முன்னால் அளவுக்கு மீறிப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் கேட்காது. பின்னால் மீறினால் வண்டி சுழன்றுவிடும்.

"அதனால, இதே குடும்பத்து வண்டியோடது போடுவோம் சார். பின்னால வந்த அம்பாசடர்ல முன் டிஸ்க் இருக்கு. ஹப், காலிபர், மாஸ்டர், பூஸ்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுப்போம்" என்றார் பாய்.

நான் குமாஸ்தா வேலை பார்த்தவன் ஆயிற்றே. ஷெட்டில் முடிந்த பேச்சு காகிதத்தில் முடிய வேண்டாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. என்னென்ன பாகம், எந்த மாடலிலிருந்து என்று பட்டியல் போட்டு, போக்குவரத்து அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் மைத்துனர் பெயரில் கடிதம் எழுதினேன். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பாய் முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தார்.

பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்த முன்பக்கம் வந்தது. காலிபர் ரப்பர், பேடு, ஹோஸ் எல்லாம் புதிது. பின் டிரம்முக்குப் புது லைனிங். நான்கு டயரும் மாற்றினார். காற்று எடுத்து முடிக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று.

ஆளில்லாத ரோட்டில் பார்த்தோம். அறுபதில் போய் நிறுத்தினார். உலர்ந்த ரோட்டில் முதல் தடவை பழைய பிரேக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மைத்துனர் முகம் வாடியது. பாய், "விடாம ஆறு தடவை நிறுத்துங்க" என்றார். ஆறாவது தடவையும் பெடல் அதே உயரத்தில், வண்டி அதே நேர்கோட்டில் நின்றது. முன்பெல்லாம் நான்காவதிலேயே பெடல் இறங்கிவிடும். பெரிய பிரேக்கின் பலன் அந்த ஆறாவது நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

அவர் மகனை ஒரு நாள் ஓட்டச் சொன்னோம். ஓட்டிப் பார்த்தான். விற்கும் பேச்சை விட்டான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான்: மழையில் சென்னைப் பயணம் கிடையாது, மற்ற நாளில் எழுபதுக்கு மேல் கூடாது. எண்பதில் போனால் ஒரு நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர் ஓடிவிடும். நம் வயதில் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகும். அதைக் குறைக்க எந்தக் கடையிலும் பாகம் விற்பதில்லை. பையன் சொன்னது நியாயம்தான். மைத்துனர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய பிரேக் பற்றி யோசிப்பதற்கு முன், இருக்கிற பிரேக்கின் ஆயிலை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, டயர் எந்த வருடத்தது என்றும் பாருங்கள். பெரிய செலவில்லாமல் பாதிப் பயம் அதிலேயே தீர்ந்துவிடும்.