நிறம் தொலைந்த இடம்

விம் எடிட்டரில் நிறம் வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: “டெர்ம் வேல்யூவ மாத்துங்க, வந்துடும்.” ஏன் வரும் என்று கேட்டால் பதில் இருக்காது. புதிதாக நிறுவிய டெபியன் சர்வரில் கான்ஃபிக் ஃபைல் ஒன்றைத் திறந்தேன். கமென்ட், கட்டளை எல்லாமே ஒரே வெள்ளை எழுத்து. இந்த முறை காரணம் தெரியாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

டெர்ம் மாறியில் இருப்பது டெர்மினலின் பெயர், அவ்வளவே. 1970களில் திரையைத் துடைக்கவும் கர்சரை நகர்த்தவும் ஒவ்வொரு கம்பெனியின் டெர்மினலும் வெவ்வேறு குறியீடு கேட்டது. பெர்க்லியில் வி எடிட்டரை எழுதிய பில் ஜாய், 1978-இல் டெர்ம்கேப் என்ற பட்டியலைக் கொண்டுவந்தார். எந்த டெர்மினலுக்கு என்னென்ன தெரியும் என்பது அதில் பெயர்வாரியாக இருக்கும். பின்னால் வந்த டெர்மின்ஃபோ அதன் வாரிசு. ப்ரோகிராம்கள் திரையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பெயரைப் பட்டியலில் தேடி, அங்கே உள்ளதை நம்புகின்றன.

என் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தேன். எக்ஸ்டெர்ம்-256கலர் என்ற பெயர் இருக்கும்போது, எத்தனை நிறம் என்று கேட்கும் ‘டிபுட் கலர்ஸ்’ கட்டளையை அடித்தால் 256 என்று வந்தது. அதே விண்டோவில் பெயரை மட்டும் விடி100 ஆக்கினேன், -1 என்றது. விடி100, 1978-இல் வந்த ஒற்றை நிறத் திரை. என் கண்ணெதிரே நீலமும் பச்சையும் காட்டக்கூடிய திரை இருக்க, பெயர் மாறியதுமே நிறமே தெரியாது என்று பதில் வருகிறது! அன்று முழுவதும் அந்தப் பட்டியலிலேயே கிடந்தேன்.

ஆனால் சர்வர் மசியவில்லை. அங்கே பெயர் முதலிலிருந்தே எக்ஸ்டெர்ம்-256கலர்தான். டிபுட் 256 என்றது. எல்எஸ் கட்டளை டைரக்டரிகளை நீலத்தில் காட்டியது. எக்ஸ்டெர்ம், லினக்ஸ், ஸ்கிரீன் என்று பெயரை மாற்றி மாற்றித் திறந்தும் எடிட்டரில் அதே வெள்ளை எழுத்து.

துப்புக் கொடுத்தது விடி100-தான். லேப்டாப்பில் அந்தப் பெயரோடு விம்மைத் திறந்தபோது நிறம் போயிற்று; ஆனால் கமென்ட்கள் தடித்த எழுத்தில் தெரிந்தன, மேற்கோளுக்குள் இருந்தவற்றுக்கு அடிக்கோடு விழுந்தது. நிறம் காட்ட முடியாத டெர்மினலில்கூட, எது எது என்று விம் பிரித்துச் சொல்லிவிடுகிறது. சர்வரில் தடிப்பும் இல்லை, அடிக்கோடும் இல்லை. அப்படியானால் சிக்கல் நிறத்தில் இல்லை. கமென்ட் எது, கட்டளை எது என்று அந்த எடிட்டருக்கே தெரியவில்லை.

‘:வெர்ஷன்’ அடித்தேன். வந்த பட்டியலில் ‘சின்டாக்ஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. ‘:சின்டாக்ஸ் ஆன்’ கொடுத்தேன். இந்தப் பதிப்பில் அந்தக் கட்டளை இல்லை என்று இ319 பிழை வந்தது. டெபியன் தன் அடிப்படைத் தொகுப்பில் வைப்பது விம்-டைனி. இடம் அடைக்காமலிருக்கப் பல வசதிகளைக் கழித்துக் கட்டிய விம். பிராம் மூலனார் 1998-இல் விம் 5.0-இல் சேர்த்த சின்டாக்ஸ் வண்ணம், அப்படிக் கழிக்கப்பட்டவற்றில் ஒன்று.

‘ஏபிடி இன்ஸ்டால் விம்’ கொடுத்ததும் முழு விம் வந்தது, நிறமும் வந்தது. இப்போது யாராவது நிறம் வரவில்லை என்றால் டெர்மைத் தொடச் சொல்வதில்லை. முதலில் ‘:வெர்ஷன்’ பாருங்கள் என்கிறேன். சின்டாக்ஸுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் ‘:சின்டாக்ஸ் ஆன்’. அதற்கும் வரவில்லை என்றால்தான் டெர்ம்.