சந்தையில் நின்ற மனிதர்

திட்டக்குடிக்குப் போனால் பழைய நண்பர் ஒருவரோடு வெள்ளாற்று மணலில் நடப்பது என் வழக்கம். ஆற்றில் தண்ணீர் இருந்தால் கரையோடு நிற்போம். இல்லாத நாளே அதிகமாகையால் பெரும்பாலும் நடக்கத்தான் செய்கிறோம். சென்ற முறை நண்பர் கோபமாக இருந்தார். கடைவீதியில் யாரோ ஒருவர் கையில் வேதப்புத்தகத்தோடு நின்று பிரசங்கம் செய்தாராம்.

"அவங்கவங்க சாமி அவங்கவங்க வீட்டோட இருக்கக் கூடாதா? நீ கதை எழுதறவன்தானே, இதைப் பத்தி நாலு வரி எழுதேன்" என்றார்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர் நினைத்த நாலு வரி வேறு.

எனக்குப் பத்து வயதிருக்கும். வாரச்சந்தையில், புளியமரத்தடியில், வெளியூர் உபதேசியார் ஒருவர் வந்து நின்றார். மெலிந்த தேகம். தோளில் ஒரு பை. ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. கத்தரிக்காய் விலைக்கு நடக்கும் சண்டையையும் மாட்டுத் தரகர்களின் கூச்சலையும் மீறி அவர் குரல் கேட்க வேண்டும். நின்று கேட்டவர்கள் நாலைந்து பேர்; சிரித்துவிட்டுப் போனவர்கள் அதற்கு மேல். யார் தூண்டினார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. ஈரச் சாணியை உருட்டி எறிந்தது என் கைதான். அது அவர் மார்பில் பட்டது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டால் சட்டையைத் துடைத்துக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். சிறுவனாகிய எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மாலையில் எங்கள் வீட்டு வாசலில் "அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று ஒரு குரல். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவரேதான். சட்டையில் கறை அப்படியே இருந்தது. அம்மா, "திண்ணையில உக்காருங்க ஐயா" என்று சொல்லி, தண்ணீருக்குப் பதில் மோரைக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார் என்று இன்றைக்கும் நிச்சயமாக நம்புகிறேன். "தம்பி என்ன படிக்குது?" என்றார். அம்மா பதில் சொன்னாள். அவர் போன பிறகு, "கையைக் கழுவிக்கிட்டு வா, சோறு போடறேன்" என்றாள். தெரிந்து சொன்னாளோ, தெரியாமல் சொன்னாளோ! அன்றிரவு எனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

எங்கள் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே கடற்கரையோடு போனால் தரங்கம்பாடி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாவலுக்காக அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனேன். டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்க், தம் தோழர் புளுட்சோவோடு 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார். 24 வயது நிரம்பும் தறுவாய். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார்.

அவரைச் சிறையில் அடைத்தது நம்மவர்கள் என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. அடைத்தவர் தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி, கிறிஸ்தவர்! வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்கு இந்தப் பிரசங்கிகள் இடைஞ்சலாகத் தோன்றினார்கள். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் சீகன்பால்க் பரிந்து பேசியது பகையை முற்ற வைத்தது. 1708 நவம்பரில் பிடித்துக் கோட்டையில் போட்டார்கள். நான்கு மாதம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வெளியே வந்தவர் விட்ட வேலையைத் தொடர்ந்து 1711-இல் முடித்தார். 1715-க்குள் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகிவிட்டது.

அவரிடம் எனக்குப் பிடித்தது இந்தத் துணிவு மட்டுமன்று. சொல்ல வந்தவர் கேட்கவும் செய்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஊர்க்காரர்களிடம் விசாரித்து, நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூலே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்துப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்கத்தானே உன்னை அனுப்பினோம் என்பது அவர்கள் எண்ணம். நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்க் 1719-லேயே, 36 வயதில் இறந்துபோனார். எதிரிகளின் எதிர்ப்பைத் தாங்குவது ஒரு மாதிரி. தம்மவர் முகம் சுளிப்பதைத் தாங்குவது வேறு மாதிரி. அவரிடம் 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற எங்கள் கடலூர்க்காரர் ஆரோன், 1733-இல் தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். சுற்றத்தைப் பிரிந்து அந்த வழியில் நடந்த தமிழனின் துயரம் சீகன்பால்க்குக்கூட நேராத ஒன்று.

நான் கிறிஸ்தவன் அல்லன். பிறர் தெய்வத்தை இழித்துப் பேசும் பிரசங்கி யாராயிருந்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் தம் மனம் கண்டதை நடுத்தெருவில் நின்று சொல்பவரை நான் எந்த முகத்தோடு பழிப்பது? அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அந்த உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. என் சங்கதி வேறு. ஒரு கதையில், சாதிச் செருக்கைப் பற்றிக் கிழவி ஒருத்தி பேசும் நாலு வரிகளை, பத்திரிகைக்கு அனுப்புமுன் நானே அடித்துவிட்டேன். ஆசிரியர் அடிக்கச் சொல்லவில்லை. உறவினர் படிப்பார்களே என்ற பயம்! கதை நன்றாக இருப்பதாகக் கடிதங்கள் வந்தன. அவற்றை இரண்டாம் முறை படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் மணலில் நடந்துகொண்டே நண்பரிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"அந்தச் சாணியை எறிஞ்சது நீயா?"

"ஆமாம்."

"மறுநாள் வாத்தியார் விசாரிச்சப்போ எல்லாரும் தரகர் வீட்டுப் பையனைத்தானே கைகாட்டினோம்! நானுந்தான் காட்டினேன். பிரம்பு முறியற வரைக்கும் அடிச்சாரு. அந்த வருஷத்தோட அவன் படிப்பை விட்டுட்டான்."

எனக்கு இது தெரியாது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.